எட்டு ஓம்

நடப்பவர் பிடித்துக்கொள்ளத்
தெருவில் கயிறு கட்டும் ஊர் இது.
அக்டோபர் வந்துவிட்டால் புந்தா அரேனாஸில்
காற்றுக்குத்தான் முதல் பேச்சு,
மிச்ச நேரத்தில் மனிதர்கள்.
அதனால் பேபி மானிட்டர் கரகரத்தபோது
காற்று என்றே நினைத்திருந்தேன், மூன்று வாரம்.

பிறகு காற்றே இல்லாத ஒரு நாள்.
மாடியில் அம்பாரோ அழுகிறாள்,
கீழே என் கைக்குள் யாரோ
வெங்காயத்தோலைக் கசக்குகிறார்கள்.

நான்கு திருகுகள்.
ஒன்று ரப்பர்க் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது.
அதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம், ஒரு நகம்.
உள்ளே பிஸ்கட் அளவு ஸ்பீக்கர்,
கூம்புக் காகிதம் விளிம்பில் கிழிந்து,
அதன்மேல் காய்ந்த பால் ஒரு சொட்டு.
யார் சிந்தியது என்று விசாரிக்க வேண்டியதில்லை.
இரவு மூன்று மணிக்கு இந்த வீட்டில்
விழித்திருந்த பால் என்னுடையது மட்டும்தான்.

முதுகில் பொடி எழுத்து: எட்டு ஓம், அரை வாட்.
வரியில்லாக் கடைத்தெருவில் நாலு கடை ஏறினேன்.
"புதுசா வாங்கிடுங்க செனோரா,
இப்பல்லாம் படமே தெரியுது" என்றான் ஒரு பையன்.
படம் எதற்கு?
அழுகிறாளா இல்லையா,
அது தெரிந்தால் போதும் எனக்கு.

கடைசியில் வீட்டிலேயே கிடைத்தது.
குழந்தை பிறக்குமுன்பே நாத்தனார் அனுப்பிய
மஞ்சள் வாத்து.
வயிற்றை அமுக்கினால் இத்தாலிய மொழியில் எண்ணும்,
ஏழுக்குப் பிறகு திரும்ப ஒன்று.
அதன் தையலைப் பிரித்தேன்.
அதே எட்டு ஓம். விட்டம் மட்டும் ஒரு மயிரிழை அதிகம்,
நகம் ராவும் அரத்தால் பிளாஸ்டிக்கைச் சுரண்டினேன்.

சிவப்புக் கம்பி கூட்டலுக்கு, கறுப்பு கழித்தலுக்கு.
மாற்றி வைத்தாலும் பேசும் என்பார்கள்,
மனம் ஒப்பவில்லை.
ஈயம் ஒரு கணம் வெள்ளியாய் உருண்டு
மங்கிப் பிடித்துக்கொண்டது.

மாடியில் லதிஸ்லாவோ, அவளைத் தூங்கவைக்கிறான்.
சொல்லைக் காசு போல் எண்ணிக் கொடுப்பவன்.
கல்யாணத்தன்று வெறுமனே தலையாட்டியதில்
பதிவாளர் இரண்டாம் முறை கேட்க வேண்டி வந்தது.

பேட்டரியைப் போட்டேன்.

வாத்தின் தொண்டையில் என் கணவன் பேசினான்.

"...செவ்வாய்க்கிழமையே சொல்லிட்டாங்க அம்பாரோ.
நண்டு வரத்து இல்லையாம். பதினோரு பேர்.
டப்பாவை எடுத்துக்கிட்டுப் போறேன்,
படகுத்துறைக்குப் பின்னால உட்கார்ந்து சாப்பிடறேன்.
நேத்து என் ரொட்டியில பாதி ஒரு கடற்காகம் தின்னுச்சு.
உங்கம்மா யஸ்னாகிட்ட சொல்லணும்.
முதல்ல உன்கிட்ட சொல்லிப் பார்க்கறேன்,
நீ தூங்கு."

ஒவ்வொரு எழுத்தும் தெளிவு.
எச்சில் விழுங்கியதுகூட.
இவ்வளவு நீளமாய் அவன் பேசி நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை டப்பாவில் மணல் இருந்தது.
ஆலையில் ஏது மணல் என்று கேட்கவில்லை நான்,
கழுவிக் கவிழ்த்தேன்.

இது ஒருவழிக் கருவி.
காது அங்கே, வாய் இங்கே.
நான் என்ன சொன்னாலும்
இந்தச் சமையலறையைத் தாண்டாது.
சத்தத்தைக் குறைத்தேன்.
அணைத்திருக்க வேண்டும்தான்.

படியிறங்கி வந்தான்.
"ஆச்சா?" என்றான்.
வழக்கமான அளவு.

மூடியைப் பொருத்தி மூன்று திருகை முடுக்கியிருந்தேன்.
"ஒண்ணைக் காணோம்" என்றேன்.

டார்ச்சை எடுத்துக் குனிந்தான்.
மேசைக்கடியில் நானும் மண்டியிட்டேன்.
குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே ஒரு பட்டாணி,
அவன் எப்போதோ தொலைத்த சாவி,
சட்டைப் பொத்தான் ஒன்று.
"எங்கேயும் போயிருக்காது" என்றான்.
"போகாது."

மூடிய கைக்குள் அது
சூடாகிக்கொண்டே வந்தது.
யாராவது ஒருவர்
செவ்வாய்க்கிழமையில் ஆரம்பிக்கும்வரை
தேடிக்கொண்டிருக்கலாம்.